முதுமையை நிறுக்கும் தராசு

வயோதிபர் ஒருவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால் முதன்முதலாகக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் "வயது என்ன?" என்பதே. ஹல்துமுல்லைப் பகுதித் தோட்டங்களிலே இக்கேள்விக்குத் திட்டமாக விடை கூறக்கூடிய முதியவர்கள் எல்லோரும் அல்லர். பிறப்புப் பதிவு இல்லாமலே பிறந்து வளர்ந்தவர்கள் பலர். அடையாள அட்டையிலுள்ள ஆண்டு, எப்போதோ ஓர் அலுவலர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டு எழுதியதாகவும் இருக்கலாம். "தோட்டத்தை அரசாங்கம் எடுத்தப்போ மூத்த பிள்ளை மடியில இருந்துச்சு" என்று 1975ஆம் ஆண்டை அடையாளம் வைத்துத் தம் வயதைக் கணக்கிட்டுச் சொல்லும் பாட்டிமார் இன்றும் உண்டு.

எண் சரியாகவே இருந்தாலும் அது சொல்லும் செய்தி சொற்பமே. 75 வயதிலும் லயத்துப் படிகளை ஏறி இறங்கி, விறகு பொறுக்கி, பேரப்பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப் போடுகிறவர் ஒருவர். 62 வயதிலேயே கட்டிலை விட்டு எழும்பக் கைத்தாங்கல் கேட்பவர் இன்னொருவர். இவ்விருவருக்குமிடையிலுள்ள வேற்றுமையைப் பிறந்த ஆண்டு கூறாது. எனவேதான் இன்றைய மருத்துவம் வயதை மட்டும் பார்ப்பதை விட்டு, முதியவரின் உடல் தளர்ச்சியை அளந்து பார்க்க முற்பட்டிருக்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும்ப முடிகிறதா? சில அடி தூரம் நடக்க எத்தனை வினாடி செல்கிறது? தானே குளித்து உடுத்திக் கொள்கிறாரா? இவ்விடைகளையெல்லாம் சேர்த்து ஓர் எண்ணைக் குறித்து வைக்கிறார்கள்.

இங்கேதான் நம் மனச்சாட்சியைத் தொடும் கேள்வி எழுகிறது. மனிதனை இவ்விதம் அளக்கலாமா? அளந்து பெற்ற எண்ணை வைத்துக் கொண்டு, இவருக்கு இன்ன சிகிச்சை உண்டு, இன்னது இல்லை என்று தீர்ப்புக் கூறலாமா? இது வைத்தியர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. "வயசாகிடுச்சு, இனிமே என்ன" என்று ஒரு வாக்கியத்தில் நம் வீடுகளிலும் இத்தகைய தீர்ப்புகள் நாள்தோறும் வழங்கப்பட்டு வருகின்றன. ஆகவே இதைக் குறித்துச் சற்று ஆழ்ந்து சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

தளர்ச்சி என்பது என்ன?

நோய் வேறு, முதுமை வேறு, தளர்ச்சி வேறு. லயத்துக்குப் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டாலும் குடும்பம் சமாளித்துக் கொள்ளும். அடியில் கொஞ்சமே கிடந்தால் அரை நாள் தடங்கலையும் தாங்காது. மனித உடலிலும் இத்தகைய ஒரு சேமிப்பு உண்டு. தசையிலும், இருதயத்திலும், மூளையிலும், சிறுநீரகத்திலும் உள்ள அந்தச் சேமிப்பு வற்றிய நிலையையே தளர்ச்சி என்கிறோம். வாலிபனை மூன்று நாள் படுக்க வைத்துவிட்டுப் போகும் காய்ச்சல், தளர்ந்த முதியவரின் நடையையே பறித்து விடுகிறது. ஒருமுறை வழுக்கி விழுந்தாலும், புதிதாக ஒரு மாத்திரை சேர்ந்தாலும், ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் இருந்தாலும் அவர் நிலை தலைகீழாக மாறிவிடுகிறது.

2001ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியரான லிண்டா ஃபிரீடும் அவருடன் உழைத்தவர்களும் இத்தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: காரணமின்றி உடல் எடை குறைதல், ஓயாத களைப்பு, கைப்பிடியின் வலிமை குன்றுதல், நடை மெதுவாதல், அன்றாட நடமாட்டம் சுருங்குதல். இவற்றுள் மூன்று இருந்தால் தளர்ந்தவர். ஒன்று அல்லது இரண்டு இருந்தால் தளர்ச்சியின் வாசற்படியில் நிற்பவர். இதே முறையைக் கையாண்டு நம் நாட்டிலே கேகாலை மாவட்டத்துக் கிராமங்களில் 60 வயதைத் தாண்டிய 746 பேரை ஆராய்ந்தார்கள். 2019இல் வெளியான அந்த ஆய்வின்படி, 100 பேரில் ஏறத்தாழ 15 பேர் தளர்ந்தவர்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானோர் வாசற்படியில் நிற்பவர்கள்.

அந்த வாசற்படிதான் முக்கியமானது. அதில் நிற்பவர் உள்ளே போய்த்தான் தீரவேண்டும் என்பதில்லை. நல்ல உணவு, கால்களுக்கு ஒழுங்கான பயிற்சி, வேண்டாத மருந்துகளைக் குறைத்தல், கண்ணாடியும் பல்லும் சரிசெய்தல் போன்ற சாதாரண உதவிகளால் பலர் திரும்பி வரக்கூடும். அளந்து பார்க்காமல் "வயசு" என்று சொல்லி விட்டுவிட்டால், திரும்பக்கூடியவரையும் உள்ளே தள்ளிவிட்டவர்களாவோம்.

அளவுகோல் பிறந்த கதை

இவ்வித மதிப்பீடு எப்படித் தோன்றியது என்பதை அறிந்தால் அதன் உண்மையான நோக்கம் விளங்கும். 1935ஆம் ஆண்டில் இலண்டனுக்கு அருகிலுள்ள மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய மார்ஜரி வாரன் என்ற பெண் வைத்தியரிடம், பக்கத்திலிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளர் பகுதி ஒப்படைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான முதியவர்கள் அங்கே வருடக் கணக்கில் படுக்கையிலே கிடந்தார்கள். "தீராத நோயாளர்" என்பதே அவர்களுக்கு இடப்பட்ட பெயர். ஏன் தீராது என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. அவ்வம்மையாரோ ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்தார். எதைச் செய்ய முடிகிறது, எதைச் செய்ய முடியவில்லை என்று குறித்தார். எழுந்து நடக்கப் பயிற்றுவித்தார். படுக்கையே கதியென்று கைவிடப்பட்டவர்களில் பலர் எழுந்தார்கள். வீடு திரும்பியவர்களும் உண்டு. முதியோர் மருத்துவம் என்ற துறைக்கு அவர் தாயெனப் போற்றப்படுவது இதனாலேயே.

நமது தமிழுலகிலும் இத்துறைக்கு ஒரு முன்னோடி உண்டு. டாக்டர் வி. எஸ். நடராஜன் 1978ஆம் ஆண்டில் சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் முதியோருக்கெனத் தனிப் பிரிவொன்றைத் தொடக்கி வைத்தார். மூட்டு வலிக்கு ஒருவரிடமும், கண்ணுக்கு இன்னொருவரிடமும், நெஞ்சுக்கு வேறொருவரிடமும் அலைந்து திரியும் முதியவரை ஒரு முழு மனிதராகப் பார்ப்பதே அதன் சாரம்.

ஆக, முதியவரை அளந்து பார்க்கும் வழக்கம் அவரை ஒதுக்கி வைப்பதற்காகப் பிறந்ததன்று. ஒதுக்கி வைக்கப்பட்டவரை மீட்பதற்காகவே பிறந்தது.

அதே அளவுகோல், இன்னொரு கையில்

எனினும் மீட்பதற்கென்று செய்த கருவியை விலக்குவதற்கும் பயன்படுத்தலாம். கனடாவைச் சேர்ந்த கென்னத் ராக்வுட் என்ற வைத்தியரும் அவர் குழுவினரும் 2005இல் தளர்ச்சிக்கு ஏழு படிகள் கொண்ட ஏணி ஒன்றை வெளியிட்டார்கள். பின்னர் அது ஒன்பது படிகளாக விரிந்தது. முதற்படியில் நிற்பவர் திடகாத்திரமானவர். நடுப்படிகளில் நிற்பவருக்குக் கடைக்குப் போகவும் சமைக்கவும், பின்னர் குளிக்கவும் பிறர் துணை தேவைப்படுகிறது. கடைசிப் படிகளில் இருப்பவர் முற்றாகப் பிறரைச் சார்ந்தவர் அல்லது மரணத்தை நெருங்கியவர்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்று ஐரோப்பாவைக் கவ்வியபோது தீவிர சிகிச்சைக் கட்டில்கள் போதவில்லை. இத்தாலிய மயக்க மருந்து வைத்தியர் சங்கம், அக்கட்டில்களுக்கு வயதெல்லை வகுக்க வேண்டி வரலாமென்று வெளிப்படையாக எழுதியது. இங்கிலாந்தில் அரசாங்கத்துக்கு மருத்துவ வழிகாட்டுதல் தரும் நிறுவனமோ, யாருக்குத் தீவிர சிகிச்சை பயன்படும் என்று நிதானிக்க ராக்வுட்டின் ஏணியைப் பயன்படுத்தச் சொல்லிற்று. உடனே எதிர்ப்பு எழுந்தது. பிறவியிலிருந்தே பிறர் துணையுடன் வாழும் ஊனமுற்ற வாலிபனும் அந்த ஏணியில் ஆறாம் ஏழாம் படியில் தானே நிற்பான்? அவன் உடலில் சேமிப்பு இருந்தும், துணை தேவைப்படுகிறது என்ற ஒரே காரணத்துக்காக அவனை விலக்குவதா? சில நாட்களுக்குள்ளேயே வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், நெடுநாளைய ஊனமுள்ளவர்களுக்கும் இந்த அளவைப் பொருந்தாது என்று தெளிவாக்கினார்கள்.

ஏணி ஒன்றுதான். ஒருவர் அதைக் கீழே கிடப்பவரை ஏற்றுவதற்குப் பிடிக்கிறார். மற்றவர் யார் எந்தப் படிக்குக் கீழே நிற்கிறார் என்று கழித்து விடுவதற்குப் பிடிக்கிறார்.

இரண்டு தராசுகள்

தோட்டத்து மக்களுக்கு நிறுவை என்றால் என்னவென்று யாரும் கற்பிக்கத் தேவையில்லை. வாழ்நாளெல்லாம் கொழுந்து மடுவத்தில் தராசின் முன்னே வரிசையில் நின்றவர்கள் அவர்கள். குறித்த கிலோ நிறைந்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கை ஓய்ந்து, மலையேற முடியாமல் போனால் பேரே இல்லை. "பேர்" என்ற சொல்லே நாட்கூலிக்குப் பெயராகி விட்டது. எடுத்த கிலோவே ஒருவருடைய பேர் என்ற எண்ணம் அறியாமலே உள்ளத்தில் வேரூன்றி விடுகிறது. வேலை நின்ற பிறகு பல முதியவர்கள் தம்மையே அரைப்பேராக எண்ணிக் கொள்கிறார்கள். "எனக்கு ஏன் செலவு பண்றீங்க, பிள்ளைங்களுக்குப் பாருங்க" என்று மருந்தை மறுப்பதும் இதனாலேயே.

ஆகவே நாம் இரண்டு தராசுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, உடலின் சேமிப்பை நிறுப்பது: இந்த உடல் இந்தச் சிகிச்சையைத் தாங்குமா? இதனால் இவருக்கு நன்மை விளையுமா? மற்றது, மனிதனின் மதிப்பை நிறுப்பது: இவர் இனி யாருக்குப் பிரயோசனம்? இவருக்காகச் செலவழிப்பது தகுமா? முதலாவது தராசைப் பிடிப்பது வைத்தியரின் கடமை. இரண்டாவதைப் பிடிக்க எந்த மனிதனுக்கும் உரிமையில்லை. கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவனுக்கு அரைப்பேர் கிடையாது.

"நல்ல பேச்சுத்தான், ஆனால் ஒரே ஒரு சுவாச இயந்திரமும் இரண்டு நோயாளரும் இருந்தால் என்ன செய்வது?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதைத் தட்டிக் கழிக்கக் கூடாது. தெரிவு செய்ய மறுப்பதும் ஒரு தெரிவே. அப்படி மறுத்தால் முந்தி வந்தவரோ, செல்வாக்குள்ளவரோ அந்தக் கட்டிலைப் பெற்றுக் கொள்வார். எனவே வைத்தியர் தெரிவு செய்யத்தான் வேண்டும். அப்பொழுது, இச்சிகிச்சையால் யார் பிழைக்கக் கூடும் என்று பார்ப்பது நீதி. தளர்ச்சியின் அளவு அந்த விசாரணையில் ஒரு சாட்சி. சாட்சியின் பேச்சைக் கேட்கலாம், ஆனால் சாட்சியையே நீதிபதியாக்கி விடக்கூடாது. எண்ணை மட்டும் பார்த்து முகத்தைப் பாராமல் எழுதும் தீர்ப்பு, வயதெல்லை வகுப்பதைவிட உயர்ந்ததன்று.

எல்லாச் சிகிச்சையையும் எல்லோருக்கும் கொடுத்தே தீரவேண்டும் என்று திருச்சபையும் போதிக்கவில்லை. 1957ஆம் ஆண்டு நவம்பரில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் வைத்தியர்களுக்கு ஆற்றிய உரையில், உயிரைக் காக்க வழக்கமான வழிகளைக் கையாளக் கடமையுண்டு, அளவுக்கு மிஞ்சிய பாரத்தைச் சுமத்தும் வழிகளுக்குக் கடமையில்லை என்று தெளிவுபடுத்தினார். 1980 மே மாதத்தில் வெளியான கருணைக் கொலை பற்றிய திருச்சபை அறிக்கையும் இதையே விரித்துரைத்து, சிகிச்சையின் பாரமும் அதனால் வரும் பயனும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கச் சொல்கிறது. சாகும் தறுவாயிலுள்ள தகப்பனாரை, ஊர் குறை சொல்லுமே என்று அஞ்சி ஹல்துமுல்லையிலிருந்து தியத்தலாவைக்கும், அங்கிருந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கும், பின்னர் கொழும்புக்கும் வளைந்து செல்லும் மலைப்பாதையில் தூக்கிக் கொண்டு அலைவது சில வேளை அன்பாக இருக்கலாம். சில வேளை நம் பயத்தை அவர் உடல்மீது சுமத்துவதாகவும் இருக்கலாம்.

அப்படியானால் நேர்மையான மதிப்பீட்டைக் கண்டுகொள்வது எப்படி? ஒரு சோதனை உண்டு. "இவர் மிகவும் தளர்ந்தவர்" என்று எழுதிய பிறகு அந்தக் கட்டிலை நோக்கிச் செல்லும் கால்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா? இயந்திரம் வேண்டாமென்று முடிவு செய்த பின்னும் வலி நீக்கும் மருந்தும், நனைத்த உதடும், சுத்தமான விரிப்பும், பிடித்துக் கொள்ள ஒரு கையும் அவருக்குக் கிடைத்தால் அது நியாயமான தீர்மானம். அந்தக் கட்டிலைத் தாண்டி எல்லோரும் விரைந்து சென்றால், எவ்வளவு விஞ்ஞானச் சொற்களால் மூடினாலும் அது கைவிடுதலே.

வேறிடத்தில் செய்த முழக்கோல்

இன்னுமொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். இந்த அளவுகோல்கள் பெரும்பாலும் வேறு நாட்டில், வேறு வாழ்க்கையைக் கண்டு ஆக்கப்பட்டவை. முதியவர் தனியாகத் தொலைபேசியில் பேசுகிறாரா, கடைக்குப் போகிறாரா, பணத்தைக் கையாளுகிறாரா என்று சில வினாத்தாள்கள் கேட்கும். கூலியைக் கணவனோ மகனோ வாங்கிக் கொள்ள, வாழ்நாளில் ஒருமுறையேனும் சம்பளத்தைத் தம் கையால் எண்ணாத பெண்கள் தோட்டங்களில் உண்டு. "பணம் கையாளத் தெரியாது" என்பது அவருடைய மூளைத் தளர்ச்சியைக் காட்டுமா, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைக் காட்டுமா? என்றைக்கும் மெலிந்தே இருந்தவரிடம் எடை குறைந்ததை எதைக் கொண்டு அறிவது? சமதரையில் நன்றாக நடப்பவர், மழையில் பாசி பிடித்த லயத்துப் படியில் இரவு மலசலகூடத்துக்கு இறங்கும்போது எப்படி நடக்கிறார் என்பதை எந்த வைத்தியசாலை வராந்தா காட்டும்?

ராக்வுட்டின் ஏணியில் ஒரு முக்கியமான விதி உண்டு. நோயாளி கட்டிலில் கிடக்கும் இன்றைய கோலத்தைப் பார்த்து எண் போடக்கூடாது. நோய் வருவதற்கு இரண்டு வாரத்துக்கு முன் எப்படியிருந்தார் என்று விசாரித்தே போட வேண்டும். விசாரிப்பது யாரிடம்? கூட வந்தவரிடம். அவரோ பக்கத்துக் காம்பராக்காரராக இருப்பார். மகன் கொழும்பில், மகள் மத்திய கிழக்கில். வைத்தியர் சிங்களத்தில் கேட்க, பாட்டி தமிழில் சொல்ல, பள்ளிக்கூடம் போகும் பேரன் நடுவில் நின்று தனக்குத் தெரிந்ததை மொழிபெயர்ப்பான். போன வாரம் வரை மூன்று பேரப்பிள்ளைகளை வளர்த்துப் பள்ளிக்கு அனுப்பி வைத்த அப்பாயி, ஏட்டில் "படுத்த படுக்கை" என்று பதியப்பட்டு விடுகிறார். வைத்தியரின் மேல் குற்றமில்லை. அவருக்கு உண்மையைச் சொல்ல ஆளில்லை. நம் பெற்றோர் நேற்றுவரை எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிந்திருப்பதும், அதை ஒளிக்காமலும் கூட்டாமலும் வைத்தியரிடம் எடுத்துரைப்பதும் நான்காம் கற்பனையில் அடங்கிய கடமை என்றே கூறத் துணிகிறோம்.

பர்சில்லாய் சொன்ன பதில்

அளக்கப்படுபவருக்கும் ஒரு வாய் உண்டு என்பதை நாம் மறந்து போகிறோம். சாமுவேலின் இரண்டாம் ஆகமத்தில் பர்சில்லாய் என்ற முதியவர் வருகிறார். தாவீது அரசர் ஓடி ஒளிந்த நாட்களில் உணவளித்துக் காத்தவர். ஆபத்து நீங்கியபின், எருசலேமுக்கு வந்து அரண்மனையில் என்னோடு இரும் என்று அரசர் அழைக்கிறார். அவரோ தம் நிலையைத் தாமே எடுத்துரைக்கிறார்: தமக்கு 80 வயது, உணவின் ருசி தெரிவதில்லை, பாடகரின் குரல் காதில் விழுவதில்லை, அரசருக்கு ஏன் பாரமாக வேண்டும்? தாய் தந்தையரின் கல்லறைக்கு அருகே சொந்த ஊரில் சாக விடும்படி வேண்டுகிறார். தாவீது வற்புறுத்தவில்லை. முதியவரை முத்தமிட்டு ஆசீர்வதித்து அனுப்புகிறார்.

எவ்வளவு அழகான மதிப்பீடு! அளந்தவரும் அவரே, முடிவு செய்தவரும் அவரே. கேட்டவரோ அன்போடு செவிமடுத்தார். ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். "நான் பாரம்" என்று ஒரு முதியவர் சொல்லும்போது, அது பர்சில்லாயின் சுதந்திரமான வார்த்தையா, அல்லது வீட்டில் பல நாள் கேட்டுப் பழகிய வார்த்தையின் எதிரொலியா என்று நாம் ஆராய வேண்டும். பர்சில்லாயை அரசர் அழைத்த பிறகே அவர் மறுத்தார். அழைப்பே இல்லாத வீட்டில் மறுப்புக்கு என்ன பொருள்?

திருச்சபை தன் திருவருட்சாதனத்திலேயே தளர்ச்சிக்கு இடமளித்திருக்கிறது. முன்பு "அவஸ்தைப் பூசுதல்" என்றால் சாவின் கடைசி மணித்தியாலம் என்று பயந்தோம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972இல் ஆறாம் சின்னப்பர் பாப்பரசரால் புதுப்பிக்கப்பட்ட ஒழுங்கின்படி, கடும் நோய் எதுவும் இல்லாவிடினும் முதுமையால் மிகத் தளர்ந்தவர்கள் நோயிற்பூசுதலைப் பெறலாம். அங்கேயும் ஒருவர் தளர்ந்திருக்கிறாரா என்று குரு பார்க்கத்தான் செய்கிறார். ஆனால் எதற்காக? எண்ணெயோடு அருகே செல்வதற்காக.

நாம் செய்யக் கூடியவை

மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரைக் கூர்ந்து பாருங்கள். கட்டும் சேலை அல்லது சாரம் இடுப்பில் தளர்கிறதா? கோவிலுக்கு வருவது குறைந்ததா? உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்பச் சுவரைப் பிடிக்கிறார்களா? இந்த வருடத்தில் ஒருமுறையேனும் விழுந்தார்களா? விழுந்ததைப் பலர் மறைப்பார்கள், அன்போடு கேளுங்கள். கிளினிக்கில் கொடுத்ததும், தோட்ட மருந்தகத்தில் கொடுத்ததும், கடையில் வாங்கியதுமான மாத்திரைகள் யாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்தியருக்குக் காட்டுங்கள். எந்தத் துணை எப்போது தேவைப்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். வைத்தியசாலையில் அந்தக் கொப்பி உங்கள் இடத்தில் நின்று பேசும்.

பங்குகளிலும் லயங்களிலும் இதைச் சேர்ந்து செய்யலாம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை இப்பகுதி மறக்காது. மழைக்காலத்தில் வெளியேறச் சொல்லி அறிவித்தல் வரும்போது, தானாக நடந்து வரமுடியாதவர் எந்தக் காம்பராவில் இருக்கிறார், அவரைத் தூக்க எந்த இருவர் போவது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அதுவும் தளர்ச்சியின் கணக்கெடுப்பே. முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளருக்கு நற்கருணை கொண்டு செல்வோர் அந்தப் பட்டியலை எளிதில் ஆக்கலாம். கோவில், பன்சலை, பள்ளிவாசல் என்ற வேறுபாடின்றி லயம் முழுவதற்கும் ஆக்கலாம்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கவும், பெற்றோரைப் பராமரிக்கும் கடமையைப் பிள்ளைகளுக்கு நினைவூட்டவும் நம் நாட்டில் இயற்றப்பட்டது. சட்டம் பணத்தைப் பெற்றுத் தரலாம். பக்கத்தில் வந்து உட்காரும் ஆளைப் பெற்றுத் தராது. அதை நாம்தான் கொடுக்க வேண்டும். முதியவரின் தளர்ச்சியை அளப்போம், நன்றாகவே அளப்போம். அவருக்கு எவ்வளவு குறைகிறது என்று அறிவது, நாம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று அறிவதற்காகவே இருக்கட்டும்.